இடது வளைவில் மட்டும் நின்ற வண்டி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்டோ எலெக்ட்ரீசியன்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். நான் வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. மரியாதையா மறதியா தெரியாது. போன மாதம் தளவாய்புரத்திலிருந்து ஒரு தம்பி அதில் எழுதியிருந்தார்: "பழைய பிக்கப். ஓடும்போது திடீர்னு ஆஃப் ஆகுது. வண்டியில கம்ப்யூட்டர் இல்ல, ஸ்கேனர் மாட்ட இடமே இல்ல. என்ன மாத்தலாம்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன கோளாறு என்று கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். என்ன மாற்றலாம் என்று கேட்கிறார். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் என்றைக்காவது சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அப்படியென்றால் பட்டறை எதற்கு, உதிரிபாகக் கடையே போதுமே.

"எதையும் மாத்தாதீங்க தம்பி. முதல்ல டிரைவரை உட்கார வச்சு ஒரு டீ வாங்கிக் கொடுங்க" என்று பதில் போட்டேன். குழுவில் ஆளாளுக்குச் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை. இதை விளக்கினால்தான் என் மானம் பிழைக்கும் என்று தோன்றியதால் எழுத உட்கார்ந்தேன்.

நான் தொழில் பழகிய கதையில் பெரிய சுவாரஸ்யம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டைனமோ கட்டும் கடையொன்றில் செம்புக் கம்பி சுற்றினேன். பிறகு ராஜபாளையத்தில் லாரிப் பட்டறைகளில் வயர் இழுத்தேன், அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆன கையோடு கோதை அக்காவின் கணவர் நடத்திய பட்டறையில் சேர்ந்தேன். அங்கேயே இருந்து, அங்கேயே ஓய்ந்தேன்.

கோதை அக்காவைப் பற்றிச் சொல்லாமல் என் தொழிலைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு எங்களில் யார் மூத்தவர் என்று குழப்பமாக இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கணவர் திடீரென்று மாரடைப்பில் போனபோது, பட்டறையைப் பூட்டிவிட்டுக் கருவிகளை விற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஸ்பேனர் செட்டுக்கு அப்போதே இரண்டு பேர் கண் வைத்துவிட்டார்கள். அவரோ காரியம் முடிந்த மறுவாரம் ஷட்டரைத் தூக்கினார். கணவரின் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

பேட்டரியில் எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்பதற்கு மேல் அவருக்கு மின்சாரம் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். ஆனால் பட்டறைக்கு இரண்டு சட்டங்கள் போட்டார். இரண்டும் அந்தச் சமயத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தவை.

முதல் சட்டம் ஒரு பால்வண்டியால் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் ஒருவருக்குப் பால் ஏற்றும் பிக்கப் அது. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு ஒழுங்காக எரியாமல் பின்பக்க இண்டிகேட்டரும் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். பின்னால் வருகிறவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இது எர்த் கோளாறு. விளக்குக்குப் போன கரண்ட் சேசிஸ் என்கிற இரும்புச் சட்டம் வழியாகத் திரும்பி வர வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் அது பக்கத்து விளக்குகளுக்குள் புகுந்து வழி தேடும். பால் கேன்களைத் தினமும் வண்டிமேலேயே கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீர் வடிந்து வடிந்து எர்த் போல்ட்டில் பச்சையும் துருவுமாகப் பூத்திருந்தது. வண்டிக்காரர் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டிவிட்டேன்.

அவர் வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் தப்பாகிவிட்டது. "அப்ப வண்டி முதல்லயே நல்லாத்தான் இருந்திருக்கு. நீங்க ஒண்ணும் செய்யல" என்று சாதித்தார். நான் துருவைக் காட்டலாம் என்றால் அதைத் துணியில் துடைத்துத் தூரப் போட்டாயிற்று. பட்டறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நேர்மையாக வேலை பார்த்துவிட்டு, திருடனைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு கோதை அக்கா சொன்னார்: "சங்கரண்ணே, இனிமே கோளாறக் காட்டிட்டுக் கழட்டுங்க. வண்டிக்காரங்க கண்ணால பாக்காம ஒரு ஸ்குரூகூட சுத்தக்கூடாது."

அன்றைக்கு எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. நாளாக நாளாகத்தான் புரிந்தது. இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமென்றால், கோளாறை நான் நினைத்த நேரத்தில் வரவழைக்க வேண்டும். வரவழைக்க முடியாதவன் அதைக் கண்டுபிடிக்கவில்லை, குத்துமதிப்பாகச் சொல்கிறான் என்றுதான் அர்த்தம். வாடிக்கையாளருக்காகப் போட்ட சட்டம் என்னைத்தான் ஒழுங்கு செய்தது.

இரண்டாவது சட்டம்தான் டீ. முதலாளியும் டிரைவரும் சேர்ந்து வந்தால் கோதை அக்கா டிரைவரைத்தான் முதலில் உட்கார வைப்பார். டீ வரும். டிரைவர் பேசுவார். முதலாளி நடுவில் புகுந்தால் "ஆகண்டி" என்று கையைக் காட்டுவார். பொறுங்கள் என்று தெலுங்கில் அர்த்தம். தெலுங்கு தெரியாத முதலாளிகளுக்கும் அந்தக் கை புரிந்துவிடும். பல பேர் முகத்தைச் சுளிப்பார்கள். தன் வண்டியைப் பற்றித் தன் சம்பளக்காரன் பேச, தான் கைகட்டிக் கேட்பது யாருக்குப் பிடிக்கும்? "வண்டி அவருதுதான். ஆனா கோளாறு வரும்போது கூட இருந்தது இவருதான்" என்பார் அக்கா.

இனி, தலைப்பில் சொன்ன அந்தப் பிக்கப்.

ராஜபாளையத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிற தங்கவேல் அண்ணாச்சியின் வண்டி அது. வத்திராயிருப்புத் தோப்புகளிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் மண்டிக்கு வரும். அப்போதே பழசு. கதவை இரண்டு தரம் சாத்தினால்தான் சாத்தும். கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் கிடையாது, வெறும் டீசல் இன்ஜின். அதன் டீசல் பம்பில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சின்ன வால்வு உண்டு. சாவியைப் போட்டுச் சுவிட்ச் வழியாகக் கரண்ட் வந்தால் அது திறந்து டீசலை விடும். கரண்ட் போனால் மூடிக்கொள்ளும், இன்ஜின் நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது.

வண்டியை ஓட்டியவர் கருப்பையா. நாற்பது வயது, பேச்சு குறைவு. ஓடிக்கொண்டே இருக்கும்போது இன்ஜின் சட்டென்று நின்றுவிடுகிறது, மறுபடி சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது என்று அவர் அண்ணாச்சியிடம் பல தரம் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சியும் வேறு பட்டறைகளில் காட்டியிருக்கிறார். பேட்டரியை மாற்றினார்கள், ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள், அந்த வால்வையே மாற்றினார்கள். அண்ணாச்சி தானே ஓட்டிப் பார்த்தால் வண்டி ஒரு தரம்கூட நிற்கவில்லை. கருப்பையா ஓட்டினால் மட்டும் நின்றது. அண்ணாச்சிக்கு மெல்ல மெல்லச் சந்தேகம் வண்டியிலிருந்து ஆள்மேல் நகர்ந்தது.

பிறகு ஒருநாள் காலையில், லோடோடு வருகையில், கண்மாய்க்கரை வளைவில் இன்ஜின் நின்றது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணையும் போய்விடும், மிதி கல்லாகிவிடும். வண்டி ரோட்டை விட்டு இறங்கி வேலிக் கல்லில் மோதி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. முன்பக்கம் நசுங்கியது, கொஞ்சம் தேங்காய் கண்மாயில் உருண்டது. அன்று சாயங்காலமே மண்டியில் பேச்சு கிளம்பிவிட்டது: கருப்பையா தூங்கிவிட்டான்.

டிரைவர் குடிக்கிறான் என்று சொன்னால்கூட யாராவது வேலை கொடுப்பார்கள். தூங்குகிறான் என்று பெயர் வந்துவிட்டால் அவ்வளவுதான், சுற்று வட்டாரத்தில் ஒருவரும் சாவியைக் கையில் தர மாட்டார்கள். கருப்பையாவுக்குத் தெரிந்தது ஸ்டீயரிங் ஒன்றுதான். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

லோடை இறக்காமல் கொண்டுவரும்படி கோதை அக்கா போனிலேயே சொல்லியிருந்ததால் வண்டி தேங்காய் லோடோடு எங்கள் பட்டறைக்கு வந்தது. அண்ணாச்சி இறங்கும்போதே சத்தமாக இறங்கினார்.

"யக்கா, இன்னைக்கு எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். வண்டில கோளாறுன்னா வண்டிய வித்துருதேன். ஆளுல கோளாறுன்னா ஆள மாத்திருதேன். மண்டியில வேற டிரைவருக்குச் சொல்லி வச்சாச்சு."

கருப்பையா வண்டிக்குப் பின்னால் நின்று தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கவும் செய்யாமல் கட்டவும் செய்யாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. கோதை அக்கா கருப்பையாவை உட்கார வைத்தார். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நிக்கிறதுக்கு முன்னாடி வண்டி இழுக்காம திணறுமா, சட்டுனு நிக்குமா?"

"சட்டுன்னு நிக்கும்க்கா. சாவிய ஆஃப் பண்ணுன மாதிரி."

"மீட்டர்ல லைட்டு?"

"அதும் செத்த நேரம் போயிரும். பொறவு வந்திரும்."

இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். டீசல் பக்கம் கோளாறு இல்லை. சாவிக்குக் கட்டுப்பட்ட எல்லாமே சேர்ந்து போகிறது.

"எங்கெங்க நின்னுச்சுன்னு சொல்லுங்க. அவசரமில்ல" என்றார் அக்கா.

கருப்பையா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கண்மாய்க்கரை வளைவு. பெட்ரோல் பங்க் தாண்டித் திரும்புகிற இடம். சோழபுரத்துக்கு லோடு இறக்கப் போகும் வழியில் ஒரு வளைவு. மண்டிக்குள் நுழையும் திருப்பம். சொல்லும்போது அவர் கைகள் தானாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பின. கோதை அக்கா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே இடது பக்கமாத்தான ஒடிக்கிறீங்க?"

கருப்பையா கண்ணைத் திறந்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "ஆமாக்கா. சோத்துக்கைப் பக்கம் ஒடிக்கையில நின்னதே இல்ல."

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாருக்கே! என் வண்டிக்கு இடது வலதெல்லாம் தெரியுமாக்கும்!"

"ஆகண்டி" என்றார் அக்கா.

நான் வேலையைத் தொடங்கினேன். பேட்டரி முனைகள் சுத்தம், இறுக்கம். எர்த் பட்டை சரி. இன்ஜினை ஓடவிட்டு பானெட்டுக்குள் வயர்களை ஒவ்வொன்றாக அசைத்தேன், ரிலேவைத் தட்டினேன். டேஷ்போர்டுக்குக் கீழே கை எட்டிய மட்டும் ஆட்டினேன். வண்டி அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கிற வண்டி எப்போதும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

அதனால் இரண்டு டெஸ்ட் விளக்கு கட்டினேன். டெஸ்ட் விளக்கு என்றால் பெரிய கருவி இல்லை. ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர். கரண்ட் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. மீட்டரைப் பார்த்து எண் சொன்னால் அண்ணாச்சி நம்ப வேண்டியதில்லை. பல்பு எரிகிறதா என்பதற்குப் படிப்பு வேண்டாம். பியூஸ் பெட்டியிலிருந்து சாவிச் சுவிட்சுக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு. சுவிட்சைத் தாண்டி டீசல் வால்வுக்குப் போகும் வழியில் இன்னொரு விளக்கு. இரண்டையும் நீள வயரில் கேபினுக்குள் இழுத்து, முதலாவது இடது பக்கம், இரண்டாவது வலது பக்கம் என்று டேஷ்போர்டு மேல் அருகருகே ஒட்டி வைத்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டும் எரிஞ்சிக்கிட்டே இருக்கையில வண்டி நின்னா கோளாறு கரண்ட்ல இல்ல. ரெண்டும் சேந்து அணைஞ்சா பேட்டரிப் பக்கம். வலது பக்கத்து விளக்கு மட்டும் அணைஞ்சா சாவிச் சுவிட்சப் பாக்கணும். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

கருப்பையா ஓட்ட, நடுவில் நான், ஜன்னலோரம் அண்ணாச்சி. சோழபுரம் பக்கம் போனோம். பகல் பதினொரு மணி வெயில், சாலையில் கூட்டமில்லை. முதல் இடது வளைவில் இரண்டு விளக்கும் எரிந்தன. இரண்டாவது வளைவிலும் எரிந்தன. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். ஒரு மனுஷனுடைய பிழைப்பு அந்த இரண்டு பல்பிலும் இருக்கிறது. விளக்கு அணைந்துவிடாதா என்று ஒரு எலெக்ட்ரீசியன் ஏங்கியது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகுதான் கவனித்தேன். கருப்பையா வளைவுகளில் வண்டியை உருட்டிக்கொண்டு போகிறார். முதலாளி பக்கத்தில் இருக்கிற பயம்.

"கருப்பையா, லோடு இறக்கப் போகையில இப்படியா போவீக? எப்பவும் போற மாதிரி போங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மிதித்தார். அடுத்த வளைவில் ஒடித்தார். தேங்காய்ப் பாரத்தில் வண்டி வலது பக்கம் சாய்ந்தது. வலது பக்கத்து விளக்கு பட்டென்று அணைந்தது. இடது பக்கத்து விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இன்ஜின் நின்றுவிட்டது.

கருப்பையா மிதியின்மேல் ஏறி நின்று அழுத்தி, வண்டியை ஓரமாக நிறுத்தினார். வண்டி நிமிர்ந்ததும் விளக்கு மறுபடி எரிந்தது. அண்ணாச்சி அந்தச் சின்ன பல்பையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பையா ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவருக்கு எத்தனையோ நாள் பாரம் இறங்கியிருக்க வேண்டும்.

"இன்னொரு வாட்டி காட்டுங்கண்ணே" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. இன்னொரு தரம் போனோம். இன்னொரு தரம் அணைந்தது.

காட்டியாயிற்று, இனிக் கழற்றலாம். பட்டறைக்கு வந்து, கோதை அக்கா, அண்ணாச்சி, கருப்பையா மூவரையும் கதவருகே நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் தகட்டை எடுத்தேன். சாவிச் சுவிட்சுக்குப் பின்னால் எல்லா வயரும் வந்து சேரும் பிளாஸ்டிக் கப்ளர் இருக்கிறது. அதன் பூட்டு நாக்கு பழசாகித் தேய்ந்திருந்தது. அது மட்டும் இருந்தால் இன்னும் பல வருஷம் ஓடியிருக்கும். ஆனால் அந்த வயர்க் கட்டின்மேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சு, சிவப்பு நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் தாங்கிப் பார்த்தேன், நல்ல கனம்.

இடது பக்கம் ஒடிக்கும்போது முடிச்சு வலது பக்கம் ஊசலாடி, வயரைப் பிடித்து இழுத்துக் கப்ளரைத் துளி நெகிழ்த்திவிடும். வலது பக்கம் ஒடித்தால் ஸ்டீயரிங் தண்டின்மேல் சாய்ந்து சும்மா கிடக்கும். லோடு இல்லாமல் மெதுவாகப் போகும் அண்ணாச்சிக்கு அது ஆடவே ஆடாது. விரலால் முடிச்சை வலது பக்கம் இழுத்தேன், விளக்கு அணைந்தது. விட்டேன், எரிந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள்.

நூலை அறுத்து முடிச்சைப் பிரித்தேன். ஒரு குதிரை லாடம், சுருட்டிய செப்புத் தகடு, காய்ந்த எலுமிச்சம்பழம், விபூதிப் பொட்டலம். கண் திருஷ்டிக்கும் விபத்து வராமல் இருக்கவும் மந்திரித்துக் கட்டுவது. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம், லாடத்தை முன்னால் பம்பரில்கூட அடித்திருப்பார்கள். ஆனால் சில பூசாரிகள், இதை ஒரு கண்ணும் பார்க்கக் கூடாது, கட்டியவர் வாய் திறக்கக் கூடாது, மீறினால் பலிக்காது என்று சொல்லி அனுப்புவார்கள். அதனால்தான் இவ்வளவு ஆழத்தில் கட்டியிருக்கிறது. என் கை அந்த இடத்துக்குள் போகாது. ஒல்லியான கைதான் போகும்.

நான் தலையைத் தூக்கினேன். கருப்பையா அந்த மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி ஓரத்தில் பச்சைக் கரை ஓடியது, ஏதோ சேலையில் கிழித்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த மனிதருக்கு இது யார் கைவேலை என்று தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது.

அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா வேலைதான் இது! வேற ஆரு? வண்டி வாங்குன நாள்லருந்து பூசாரி, தாயத்துன்னு அலையுதா. போன மாசம் வண்டிச் சாவியக் குடுடான்னு கேட்டா, எதுக்குன்னா சொல்ல மாட்டேன்னா. இப்பத்தான தெரியுது." பிறகு கருப்பையாவின் தோளைத் தொட்டார். "ஏலே, மனசுல வச்சுக்கிடாத. ஒன்னியப் போயித் தப்பாச் சொல்லிப்புட்டேன். எங்க வீட்டுக் கோளாறு ஒன் தலையில விடிஞ்சிருச்சு."

கருப்பையா பேசாமல் நின்றார். பேசாமலே இருந்துவிடு ஐயா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். வேலை நிலைத்துவிட்டது, பெயர் திரும்பிவிட்டது, முதலாளியே மன்னிப்புக் கேட்கிறார். இனி வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது? கோதை அக்கா மட்டும் கருப்பையாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி போனை எடுத்து அம்மாவை அழைத்தார். அவருடைய போனில் எதிர்ப்பக்கம் பேசுவது தெருவுக்கே கேட்கும். மணி அடிக்க அடிக்க அவருக்குக் கோபம் ஏறியது. "இன்னைக்கு அவளுக்கு இருக்கு. ஒரு உயிரு போயிருந்தா என்ன செய்வா?"

"அண்ணாச்சி, ஆச்சியத் திட்டாதீய" என்றார் கருப்பையா.

"நீ சும்மா இருலே."

"ஆச்சி கட்டல. எங்க வீட்டுச் சேலைத்துணி அது. எம் பொண்டாட்டி கட்டிருக்கா."

அண்ணாச்சியின் கை போனோடு அப்படியே நின்றது. போனுக்குள்ளிருந்து ஒரு வயதான குரல், "என்னய்யா? தங்கவேலு? என்னய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பிட்டியான்னு கேக்கக் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தன்னைப் பொய்யன் என்று இத்தனை நாள் சொன்னவரிடம், பொய் தன்னைக் காப்பாற்ற வந்த நேரத்தில் அதைத் தள்ளிவிட்டு அந்த மனிதர் நின்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. கெட்டதே குடி என்றுதான் நினைத்தேன்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"சாமி சத்தியமா இப்பத்தான் தெரியும். கிருஷ்ணன்கோவில்கிட்ட லாரிக்காரன் ஒரசிட்டுப் போனாம்லா, அதக் கேட்டதுலருந்து அவ ஒறங்கவே இல்ல. ராத்திரி வண்டி எங்க வீட்டு வாசல்லதான நிக்கும்… அப்பக் கட்டிருப்பா."

"எதுக்காம்?"

என்ன கேள்வி இது என்பதுபோலக் கருப்பையா அவரைப் பார்த்தார். "நான் முழுசா வீடு வந்து சேரணும்னுதான்."

அண்ணாச்சி லாடத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அந்த மஞ்சள் துணியிலேயே வைத்து, அவரே மடித்தார். தேங்காய் மூட்டை கட்டிப் பழகிய கை, இறுக்கமாக முடிச்சுப் போட்டது. அதை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இதத் திரும்பக் கட்டிருங்க. வயர்ல வேண்டாம், வேற எங்கிட்டாவது."

கோளாறுக்குக் காரணமான பொருளை நானே வண்டிக்குள் திரும்ப மாட்டியது என் தொழிலில் அந்த ஒரு தரம்தான். கப்ளரைப் புதிதாகப் போட்டேன், வயர்க் கட்டைக் கிளிப் போட்டு நிறுத்தினேன். டிரைவர் சீட்டுக்கு அடியில், எந்த வயரும் போகாத இடமாகப் பார்த்து, முடிச்சை இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். வெளியே தெரியாமல் இருக்கிறதா என்று கோதை அக்கா குனிந்து நின்று சரிபார்த்தார். எனக்கு அந்தச் செப்புத் தகட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆடாமல் இருக்கும்படி நன்றாகவே கட்டினேன்.

மறுபடி சோழபுரம் வளைவுக்குப் போய் வந்தோம். விளக்குகள் இரண்டும் எரிந்தபடியே இருந்தன.

கிளம்பும்போது அண்ணாச்சி கருப்பையாவிடம் சொன்னார்: "வீட்டுல போயிச் சண்டை கிண்டை போட்டுறாத. நாம பாத்ததே அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, கண்ணு பட்டுப் பவரு போச்சுன்னு இதவிடப் பெரிய லாடமா வாங்கிட்டு வந்து கட்டிருவா."

கோதை அக்கா சிரித்துவிட்டார். கருப்பையாவும் சிரிக்கப் பார்த்தார், முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வண்டியில் ஏறக் காலை வைத்தபோது அண்ணாச்சியின் போன் அடித்தது. மண்டியிலிருந்து தரகர். புது டிரைவர் கிடைத்துவிட்டான், காலையில் வரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லிரும்வே. கருப்பையா ஒண்ணும் தூங்கல. வண்டிலதான் கோளாறு. நானே கூட இருந்து என் கண்ணால பாத்தேன். மண்டியில எல்லாருட்டயும் சொல்லிரும்."

"என்ன கோளாறாம்?" என்று தரகரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

அண்ணாச்சி கருப்பையாவைப் பார்த்தார்.

"வயரு லூசு" என்றார். "அம்புட்டுத்தான்."